நங்கூரம் பொறித்த கடிகாரம்

1962ஆம் ஆண்டு என்றதும் நம் பகுதிக் கத்தோலிக்க மக்களுக்கு இரு நிகழ்ச்சிகள் நினைவுக்கு வரும். அவ்வாண்டு அக்டோபர் 11ஆம் நாள் உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. அடுத்த மாதமே திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் வேளாங்கண்ணி ஆலயத்தைப் பசிலிக்கா என்னும் பேராலய நிலைக்கு உயர்த்தினார். அதே ஆண்டில் யாரும் விழா எடுக்காத வேறு இரு நிகழ்ச்சிகளும் நடந்தன. சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில் லெங்னௌ என்னும் சிற்றூரிலிருந்து 'டயாஸ்டார்' என்ற பெயரில் ஒரு கைக்கடிகாரம் வெளிவந்தது. தில்லியில் நம் பாராளுமன்றம் சுங்கச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒன்றையொன்று அறியாத இவ்விரண்டும் நாகப்பட்டினக் கரையில் சந்தித்துக்கொண்டன. அந்தச் சந்திப்பின் வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறோம். கடிகாரத்துக்கெல்லாம் ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று வாசகர் கேட்கலாம். கப்பலேறிப் போன ஒரு தலைமுறையின் ஆசையும் கண்ணீரும் எதில் தங்கியிருக்கின்றன என்று தேடினால், நெல்வயலை விடவும் ஓட்டுவீட்டை விடவும் சில வீடுகளில் அது ஒரு சிறு கடிகாரத்தில்தான் தங்கியிருக்கிறது.

காவிரியின் கடைமடை மக்களுக்குக் கடிகாரம் ஒரு தேவையாக இருந்ததில்லை. பகலும் இரவும் சேர்ந்து அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிடம் என்ற கணக்கைச் சோதிடர் வைத்திருந்தார். மற்றவர்க்கு நிழலின் நீளம் போதும். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஆலயத்தின் மூவேளைச் செபமணியும் வயலில் நின்றவனுக்கு நேரம் சொல்லின. வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடும் நாட்களில்தான் நேரத்துக்காகச் சண்டை வரும். அந்தச் சண்டையும் கைக்கடிகாரத்தைக் காட்டித் தீர்ந்ததில்லை. ஊர்ப் பெரியவர் சொல்லித் தீர்ந்தது. ஆகவே இங்கே கடிகாரம் வந்தபோது அது நேரம் பார்க்கும் கருவியாக வரவில்லை. வேறொன்றாக வந்தது.

இது நமக்கு மட்டும் உரிய இயல்பன்று. 1601இல் பீக்கிங் நகருக்குள் நுழைந்த இயேசு சபைத் துறவி மத்தேயு ரிச்சி, சீனப் பேரரசர் வான்லிக்குக் கொடுத்த காணிக்கைகளில் அரண்மனையை மயக்கியவை தாமே மணியடிக்கும் கடிகாரங்கள்தாம். அந்தப் பேரரசரிடம் நேரம் சொல்ல ஆட்களும் நீர்க்கடிகைகளும் இல்லாமலில்லை. தானே இயங்கித் தானே ஒலிக்கும் அந்தச் சிறு அற்புதத்தை விட்டுப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும் என்பதும் துறவிகள் தலைநகரில் தங்குவதற்கு ஒரு காரணமாயிற்று. பிற்காலத்தில் ஷாங்காய் நகரத்துக் கடிகாரத் தொழிலாளர்கள் ரிச்சியைத் தம் தொழிலின் காவலராகவே போற்றினர்.

நம் நாட்டில் சாதாரண மனிதனின் கைக்கு ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்து சேர்த்த பெருமை எச்.எம்.டி. நிறுவனத்துக்கே உரியது. 1961இல் சப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் அரசு அந்தத் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஜவாஹர்லால் நேரு வெளியிட்ட முதல் கடிகாரங்களும், 'ஜனதா' என்ற பெயரும், நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய அதன் எளிமையும் ஒரு தலைமுறைக்கு நன்கு தெரிந்தவை. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய மகனுக்கும், ஆசிரியர் பயிற்சி முடித்த மகளுக்கும், குருப்பட்டம் பெற்ற இளைஞனுக்கும் கொடுக்கத்தக்க ஒரே பரிசு அதுதான் என்ற காலம் ஒன்றிருந்தது. அது நேர்மையான கடிகாரம். ஆனால் ஒரு குறை உண்டு. குரோமியப் பூச்சுப் பூசிய அதன் கூடு நாகையின் உப்புக் காற்றையும் உழைப்பாளியின் வியர்வையையும் நெடுநாள் தாங்காது. சில ஆண்டுகளில் பின்மூடியின் ஓரம் அரித்துவிடும். மேலிருக்கும் கண்ணாடியோ உண்மையில் கண்ணாடியே அன்று, பிளாஸ்டிக். கதிர்க்கட்டைத் தூக்கினாலும் கீறும், பேருந்துக் கம்பியைப் பிடித்தாலும் கீறும். இரண்டே ஆண்டில் பனிமூட்டத்துக்குள் முள் ஓடுவது போலத் தெரியும்.

இந்த வேளையில்தான் கப்பல் வருகிறது.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க முடியாது. கடலில் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் படகுகளில் போய்வர வேண்டும். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்காக 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா', சென்னையிலிருந்து நாகை வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் ஓடியது. 1973இல் அது ஓய்வு பெற்றபின் 'சிதம்பரம்' என்னும் கப்பல் அந்தக் கடல்வழியில் வந்தது. 1985 பிப்ரவரியில் அக்கப்பலில் பற்றிய தீ பல உயிர்களைக் குடித்தது. அதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது. நாகூர், காரைக்கால் வட்டாரத்து இசுலாமியச் சகோதரர்கள் கடல்கடந்து பிழைக்கப் போனவரைச் 'சபுராளி' என்பார்கள். சபுர் போன வீடு என்றாலே தெருவில் ஒரு தனி மதிப்பு. அந்த வீட்டுக்கு வந்து சேரும் பெட்டியில் என்ன இருக்கும் என்பதும் தெருவுக்குத் தெரியும்: கைலி, தைலம், டார்ச் விளக்கு, சவர்க்காரம், வாசனைத் திரவியம். இவற்றுக்கு அடியில், துணிக்குள் சுற்றிய ஒரு கைக்கடிகாரம். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகள் வேலைக்கு ஆள் எடுக்கத் தொடங்கியபின் பெட்டிகள் விமானத்தில் வந்தன. கடிகாரம் மட்டும் மாறவில்லை.

அந்தக் கடிகாரத்தின் பெயர் ராடோ. 1917இல் ஷ்லுப் சகோதரர்கள் லெங்னௌ ஊரில் தொடங்கிய பட்டறை, பிற நிறுவனங்களுக்குக் கடிகாரப் பொறிகளைச் செய்து கொடுத்து வந்தது. 1957இல் ராடோ என்ற சொந்தப் பெயரில் 'கோல்டன் ஹார்ஸ்' என்னும் கடிகாரத்தை வெளியிட்டது. உலகுக்கெல்லாம் பொதுமொழியாக வேண்டும் என்று ஆக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் 'ராடோ' என்றால் சக்கரம் என்று பொருள். ஆனால் அவர்களுக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1962இன் டயாஸ்டார்தான். அதுவரை உயர்ந்த கடிகாரம் என்றால் பொன்னால் செய்தது என்றே பொருள். பொன்னோ மென்மையான உலோகம். நகம் போலத் தேயும். இவர்கள் எடுத்துக்கொண்டது டங்ஸ்டன் கார்பைடு, அதாவது கடைசல் இயந்திரத்தில் இரும்பைச் சீவும் உளியின் முனைக்கு இடும் பொருள். 1920களில் செருமானியர் அதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது 'வைரம் போல' என்ற பொருள்படவே பெயரிட்டார்கள். அதன் தூளை அச்சில் அழுத்தி, கடும் வெப்பத்தில் இறுக வைத்து, வைரத் தூளால் மட்டுமே மெருகிட முடியும். அதன் மேல் மூடுவது செயற்கை நீலக்கல் பளிங்கு. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படியில் நிற்பது நீலக்கல்.

வடிவமும் புதியது. பிற கடிகாரங்களில் ஒரு வட்டமும் அதிலிருந்து பட்டையைப் பிடிக்க நான்கு கால்களும் இருக்கும். டயாஸ்டாரில் கால்களே தெரியாது. ஆமை ஓடு போல, அல்லது பழைய போர்வீரனின் கேடயம் போல ஒரு முட்டை வடிவக் கவசம் முழுவதையும் மூடியிருக்கும். முகப்பில் கிழமையும் தேதியும் காட்டும் சாளரம். பட்டையும் கூடும் ஒன்றாகவே வார்த்தது போன்ற தோற்றம். அழகா என்று கேட்டால் தயங்கித்தான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. கடிகாரக் கலையில் ஊறிய ஐரோப்பிய ரசிகர் பலர் நெடுங்காலம் அதைக் கனமானது, பகட்டானது என்றே ஒதுக்கினர். பத்தாண்டு கழித்து 1972இல் ஜெரால்ட் ஜெண்டா என்னும் வடிவமைப்பாளர், எட்டுத் திருகாணிகள் வெளியே தெரியும் எண்கோணக் கடிகாரமான 'ராயல் ஓக்'கை ஓடெமார் பிகே நிறுவனத்துக்கு வரைந்து கொடுத்தார். எஃகுக் கடிகாரத்துக்குப் பொற்கடிகாரத்தின் விலையா என்று முதலில் வியந்த உலகம், பின்னர் அதையே வானளாவப் புகழ்ந்தது. மதிப்பு பொன்னில் இல்லை, செய்நேர்த்தியிலும் வடிவத்திலும் இருக்கிறது என்ற அந்தக் கருத்தை நாகூர்ச் சபுராளி அதற்குப் பத்தாண்டு முன்பே கையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று சொன்னால் ரசிகர்கள் சிரிப்பார்கள். நாம் அதைச் சற்றே பிடிவாதமாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஏனெனில் தஞ்சைத் தரணியில் பொன்னுக்கு இருக்கும் இடம் நாம் அறிந்ததே. குறுவை பொய்த்தால் அடகுக் கடைக்கு, சம்பா விளைந்தால் மீட்டு வீட்டுக்கு என்று பொன் ஊசலாடும். அதை உரசிப் பார்க்கலாம், எடை போடலாம், உருக்கலாம். டயாஸ்டாரை உருக்கினால் எதுவும் கிடைக்காது. எடை போட்டு விலை சொல்ல எந்தப் பத்தராலும் இயலாது. எல்லாவற்றையும் குன்றிமணி எடைக்கு மதிப்பிட்டுப் பழகிய மக்கள், உருக்கினால் ஒன்றுமில்லாத ஒரு பொருளைப் பொன்னுக்கு நிகராக ஏற்றுக்கொண்டது சிறிய செய்தியன்று. உப்புக் காற்றில் அரிக்காதது, வியர்வையில் மங்காதது, கீறல் விழாதது என்ற மூன்று குணங்களே அவர்களுக்குப் போதுமான சான்றாக இருந்தன. தேய்ந்துபோகும் பொருள்களுக்கு நடுவே தேயாத ஒன்று. பத்தாண்டு கழிந்தும் கட்டிவந்த நாளின் பளபளப்போடு இருப்பது. வெயிலில் கருத்து, முடி நரைத்து, பிள்ளைகள் தன்னை அடையாளம் காணாத வயதில் திரும்பிவரும் ஒரு மனிதனுக்கு அதில் என்ன ஆறுதல் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சட்டத்தின் கண்ணில் அது வேறு பொருளாயிற்று. 1962 சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவு சற்று விசித்திரமானது. கடத்தல் பொருள் என்ற ஐயத்தில் அதிகாரி ஒரு பொருளைக் கைப்பற்றினால், அது கடத்தல் பொருள் அன்று என்று நிறுவும் பொறுப்பு அதை வைத்திருந்தவரையே சாரும் என்கிறது அது. குற்றத்தை அரசே நிறுவ வேண்டும் என்ற பொதுவிதிக்கு இது மாறானது. எந்தெந்தப் பொருளுக்கு இந்தக் கடுமை என்று பார்த்தால், பொன்னோடு சேர்த்துச் சட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பது கைக்கடிகாரம். அரிசி இல்லை, துணி இல்லை, கடிகாரம். அதனால்தான் அந்நாட்களில் கப்பலிலிருந்து இறங்குபவர்கள் கடிகாரத்தைக் கையில் கட்டியே வந்தார்கள். ஒரு கைக்கு ஒன்றுக்கு மேல் கட்டி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. பெட்டியில் இருந்தால் அது சரக்கு, கையில் இருந்தால் அது மனிதனின் உடைமை என்ற எளிய நியாயம்.

சட்டத்தை விடப் பெரிய சுமையைச் சமூகம் ஏற்றியது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. மாப்பிள்ளைக்கு மோதிரம், சங்கிலி என்று இருந்த சீர்வரிசையில் கைக்கடிகாரமும் சேர்ந்துகொண்டது. முதலில் எச்.எம்.டி. போதும் என்றார்கள். அதில் 'காஞ்சன்' என்ற பொன்னிற மாதிரிக்குத் திருமண மாதங்களில் தட்டுப்பாடே ஏற்பட்டது. பிறகு 'வெளிநாட்டுக் கடிகாரம்' என்றார்கள். அதன் பிறகு பெயர் சொல்லியே கேட்டார்கள். நம் பங்குகளில் திருமண ஒப்பந்தப் பேச்சுக்கு நம்மைச் சாட்சியாக வைத்துப் பேசியவர்கள், இந்தப் பகுதி வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வரதட்சணை வாங்கவில்லை என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்ன குடும்பமும், ஒரு கடிகாரம்தானே என்று கையை நீட்டியதைக் கண்டிருக்கிறோம். மாமன் சிங்கப்பூரிலோ சவூதியிலோ இருந்தால் அது எளிது. இல்லாத வீட்டில் அரை மா நிலமோ பசுவோ அந்தக் கடிகாரத்துக்காகக் கைமாறியது. கீறல் விழாத கடிகாரத்தை வாங்கிக் கொடுத்த தகப்பன் கைகளில் கீறல் விழாத இடமே இருக்காது. இதில் கடிகாரத்தின் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பொருளின் மீதுள்ள ரசனை, பிறரிடம் அதைக் கேட்டுப் பெறும் உரிமையாக மாறும் கணத்தில் ரசனை என்ற சொல் அதற்குப் பொருந்தாமல் போகிறது.

ரசனை என்பது உண்மையில் எப்படி இருக்கும் என்று அறிய, கடைத்தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி செருகி அமர்ந்திருக்கும் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும். டயாஸ்டாரின் முகப்பில் பன்னிரண்டு என்னும் எண்ணுக்குக் கீழே ஒரு சிறு நங்கூரம் உண்டு. ஒட்டி வைத்ததன்று, அச்சில் பொருத்தியது. கையைத் திருப்பினால் நங்கூரமும் ஆடும். உள்ளே எண்ணெய் உலர்ந்தால் நங்கூரத்தின் ஆட்டமும் தளரும், அப்போது துடைத்து எண்ணெயிட வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் குறிப்பு. மக்கள் அதையே அசல், போலி அறியும் சோதனையாக ஆக்கிக்கொண்டார்கள். 'நங்கூரம் ஆடுதா பாருங்க' என்று கேட்காமல் எவரும் ராடோ வாங்கியதில்லை. போலி செய்பவர்கள் இதைக் கேள்விப்படாமல் இருப்பார்களா? விரைவிலேயே போலிக் கடிகாரங்களிலும் நங்கூரம் அழகாக ஆடியது. உட்பொறியைத் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

உரோமைச் சுரங்கக் கல்லறைகளில் முதல் கிறிஸ்தவர்கள் நம்பிக்கையின் அடையாளமாக நங்கூரத்தைப் பொறித்தார்கள். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகமும் எதிர்நோக்கை நங்கூரத்துக்கே ஒப்பிடுகிறது. லெங்னௌ ஊர்க்காரர்கள் இதையெல்லாம் எண்ணிச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. கடலே இல்லாத ஒரு நாட்டில் செய்த கடிகாரத்தில் நங்கூரம் இருந்ததும், அது நங்கூரம் பாய்ச்சி நின்ற கப்பல்களிலிருந்து இக்கரையில் இறங்கியதும் பார்க்க இதமான ஒரு பொருத்தம், அவ்வளவே.

பழுதுபார்ப்பவர் இன்னொன்றும் சொல்வார். கீறாத பொருள் உடையாத பொருள் அன்று. எஃகு கீழே விழுந்தால் நெளியும். நெளிந்ததைத் தட்டி நிமிர்த்தலாம். கடின உலோகம் நெளிவதை அறியாது. கிணற்றடிக் கல்லில் விழுந்தால் ஓரம் சில்லாகப் பெயரும், பளிங்கு விரிசல் விடும், அதை ஒட்ட வழியில்லை. மேலும், கவசம்தான் கடினமானதே தவிர, அடியிலிருக்கும் கூடும் பட்டையும் எஃகு. பட்டையில் பூசிய பொன்னிறம் பத்துப் பதினைந்து ஆண்டில் தேய்ந்து வெளிறும். மேலே புத்தம் புதிது, கீழே பழையது என்ற கோலத்தில்தான் பெரும்பாலான பழைய டயாஸ்டார்கள் இன்று அவர் மேசைக்கு வருகின்றன. இந்தக் கோலத்தையே விரும்பி, மெருகிடாமல் விட்டுவிடுங்கள் என்று கேட்பவர்களும் இப்போது உண்டாம்.

கடிகார உலகமே இடையில் ஒருமுறை கவிழ்ந்தது. 1969ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று சப்பானின் சீக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான 'அஸ்ட்ரான்'ஐ விற்பனைக்கு வைத்தது. மின்கலத்தில் ஓடும் அது எந்தச் சுவிஸ் கடிகாரத்தையும் விடத் துல்லியமாக நேரம் காட்டியது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் எண்பதுகளின் நடுவில் 30,000 பேருக்குச் சற்றே மேற்பட்டவர்கள் எஞ்சினர். நம் பக்கத்தில் 1984இல் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கொண்டுவந்து எச்.எம்.டி.யின் இடத்தைப் பிடித்தது. 1991க்குப் பின் இறக்குமதித் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, 2001இல் நுகர்பொருள்களுக்கிருந்த கடைசிக் கட்டுப்பாடுகளும் நீங்கின. ராடோவை ஒளித்துக் கொண்டுவர வேண்டிய தேவை இல்லாமற்போனது. நகரக் கடைகளில் கண்ணாடி அலமாரியில் விலைச்சீட்டோடு இருக்கிறது. இந்தியா அந்நிறுவனத்தின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் அரசு முடிவெடுத்தது. மூடப்போகிறது என்ற செய்தி பரவியதும், அதுவரை ஏறெடுத்தும் பாராத இளைஞர்கள் 'ஜனதா'வையும் 'பைலட்'டையும் தேடி அலைந்தது ஒரு தனி வேடிக்கை.

கையிலிருக்கும் தொலைபேசியே நொடி பிசகாமல் நேரம் சொல்லும் காலத்தில், நாளைக்குப் பல நொடிகள் முன்பின் ஓடும் பழைய பொறிக்கடிகாரத்தை ஏன் தேடுகிறார்கள்? நேரத்துக்காக அன்று என்பது தெளிவு. கையசைவே உயிராக ஓடுகிறது என்பது ஒரு காரணம். கட்டியவர் கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும், எடுத்துக் கட்டினால் மீண்டும் துடிக்கும். 2022இல் அறுபது ஆண்டு நிறைவை ஒட்டி டயாஸ்டாரைச் சிறிது மாற்றிப் புதிதாகவும் வெளியிட்டார்கள். நம் பகுதி இளைஞருக்கு அதைவிட, அலமாரியில் துணி சுற்றி வைத்த தாத்தாவின் பழையதே வேண்டியிருக்கிறது. பாட்டி உயிரோடிருக்கும் வீடுகளில் அதை எடுக்க அனுமதி கேட்க வேண்டும்.

அப்படி எடுத்து வந்தவற்றில் ராடோவுக்கு அடுத்தபடி மிகுதியாக இருப்பது சீக்கோ 5. 1963 முதல் வெளிவந்த வரிசை. விலை குறைவு என்பதால் ராடோ வாங்க வசதியில்லாத சபுராளியின் கடிகாரம். அதன் கிழமைச் சக்கரத்தில் இரு மொழிகள் உண்டு. திருகை இழுத்துத் திருப்பினால் ஆங்கிலக் கிழமைப் பெயர் நகர்ந்து, அடுத்த மொழியின் எழுத்து சாளரத்தில் வந்து நிற்கும். அரபு எழுத்து வந்தால், அது வளைகுடாச் சந்தைக்கென்று செய்து அனுப்பிய கடிகாரம். கடிதங்கள் தொலைந்து, கடவுச்சீட்டும் செல்லரித்துப்போன சில வீடுகளில், தகப்பனார் எந்தப் பக்கத்து நாட்டில் பன்னிரண்டு ஆண்டு உழைத்தார் என்பதை மகன் அந்தக் கிழமைச் சக்கரத்தில்தான் முதன்முதலாகப் படிக்கிறான்.